ஷிப்ட் மாறும் நேரம்

நெய்வேலிக்கு முதன்முதலாகப் போகிறவர்கள் அந்த ஊரின் மரங்களைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். அகலமான சாலைகளைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். விலாசத்தில் 'வட்டம்' என்று ஒரு சொல்லும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் நிற்பதைக் கண்டு கொஞ்சம் குழம்பவும் செய்வார்கள். எனக்கு ஆச்சரியம் அளித்தது இவை எதுவும் அல்ல. மற்ற ஊர்களில் இரண்டு பேர் சந்தித்தால், "சௌக்கியமா?" என்று கேட்டுக் கொள்வார்கள். நெய்வேலியில், "இந்த வாரம் என்ன ஷிப்ட்?" என்று கேட்டுக் கொள்கிறார்கள்.

அந்த ஊர் ஒரு நாளை மூன்றாகப் பங்கு போட்டு வைத்திருக்கிறது. சுரங்கமும் மின்சார நிலையமும் தூங்குவதில்லை. ஆகையால் மனிதர்கள் முறை வைத்துத் தூங்குகிறார்கள். கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்த கையோடு, தாய்மாமனுடைய ஷிப்டையும் விசாரித்துக் கொள்வது அங்கே வழக்கம்.

என்னுடைய தாய்மாமாவும் அப்படி வாழ்ந்தவர்தான். நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையத்தில், கட்டுப்பாட்டு அறையில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். 2007-ம் வருஷம் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் அல்லவா? சாமான்களைக் கட்டுவதற்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று நானும் என் அண்ணன் மகனும் போயிருந்தோம். பையன் அப்போது பொறியியல் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்தான்.

போன இடத்தில் நாங்கள் ஒரு சாமானையும் கட்டவில்லை. மூன்று நாளும் ஒரு கம்ப்யூட்டருடன் மல்லுக்கு நின்றோம். அந்த மூன்று நாளில் ஒரு சின்ன சரித்திரத்தைத் தெரிந்து கொண்டேன். ராஜாக்களும் யுத்தங்களும் இல்லாத சரித்திரம். ஆனாலும் நம் வீடுகளுக்குள் வந்து, நம் பெட்டிகளுக்குள் உட்கார்ந்து கொண்ட சரித்திரம்.

மாமாவிடம் இருந்த பழைய கம்ப்யூட்டர் அதற்கு முந்தின மழைக் காலத்தில் ஓர் இடியோடு உயிரை விட்டிருந்தது. கடலூரில் ஒரு கடையில் சொல்லிப் புதிது ஒன்றைச் சேர்த்து வாங்கியிருந்தார். எல்லாம் புதிது, ஒன்றே ஒன்று பழையது. பழைய கம்ப்யூட்டரில் பிழைத்துக் கிடந்த சி.டி. டிரைவைக் கழற்றிக் கொண்டு போய், "இதையும் இதில் மாட்டிக் கொடுங்கள்" என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். கடைக்காரர் சிரித்தாராம். "புதிது சொற்ப விலைதான், சார். இதை எதற்குக் கட்டி அழுகிறீர்கள்?" என்றாராம்.

மாமா காரணத்தைச் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியும். அத்தை 2005-ல் காலமாகிவிட்டார். அத்தைக்கு நல்ல குரல். கச்சேரி செய்யும் குரல் அல்ல. நவராத்திரிக் கொலுவில் நாலு பேர் கேட்கிற குரல். மாமா அதை வருஷா வருஷம் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். 2003-ல் அவற்றையெல்லாம் ஒரு கடையில் கொடுத்து ஒரே சி.டி.யாக மாற்றி வாங்கினார். கேசட்டுகளில் பூஞ்சை பிடித்திருந்தபடியால் அவற்றைத் தூக்கிப் போட்டாயிற்று. மிச்சம் அந்த ஒரு தகடு. அது கீறல் விழுந்த தகடு. அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்த புதிய டிரைவ்களில் போட்டுப் பார்த்தால் சுற்றிச் சுற்றி ஓய்ந்து போகும், பாடாது. மாமாவின் பழைய டிரைவ் மட்டும் எப்படியோ அதைப் படித்துவிடும். சில டிரைவ்கள் அப்படித்தான். நம் வீட்டுக் கிழவிகளுக்கு மட்டும் குழந்தையின் மழலை புரிகிற மாதிரி.

ஆகவே, அந்தப் பழைய டிரைவ் புதிய கம்ப்யூட்டரில் வேலை செய்தாக வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

பையன் தன் கல்லூரியிலிருந்து லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றைத் தகட்டில் கொண்டு வந்திருந்தான். காசு கொடுத்து வாங்க வேண்டாம், திருட்டுப் பிரதியும் அல்ல, சட்டப்படியே இலவசம். அதில் இன்னொரு விசேஷமும் உண்டு. அது தமிழிலும் பேசும்.

தகட்டைப் போட்டோம். டிரைவ் சுழன்றது. திரை மலர்ந்தது. என்ன மொழி வேண்டும் என்று கேட்டது, தமிழ் என்றோம். எந்த நாடு என்று கேட்டது, இந்தியா என்றோம். எந்த விசைப்பலகை என்று கேட்டது, அதையும் சொன்னோம். அப்புறம் அரை நிமிஷம் யோசித்துவிட்டு அது நல்ல தமிழில் ஓர் இடியைப் போட்டது. இந்தக் கம்ப்யூட்டரில் சி.டி. டிரைவ் எதுவும் காணப்படவில்லையாம்! டிரைவர் ஏதாவது இருந்தால் பிளாப்பித் தகட்டில் போட்டுக் கொடுக்க வேண்டுமாம்!

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக் கொண்டு மறுபடியும் படித்தார்.

"என்னடா இது அநியாயம்? சோற்றை உருட்டி வாயில் போட்டுக் கொண்டே, 'என் கை எங்கே? கையைக் காணோமே!' என்று கேட்கிறது?"

"டிரைவர் வேண்டும் என்கிறது, தாத்தா."

"இத்தனை நேரம் டிரைவர் இல்லாமலா வண்டி ஓடிற்று?"

அந்தக் கேள்விக்கு எங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை.

வாசகர்கள் மன்னிக்க வேண்டும். மாமாவை அந்தத் திரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு, இந்தத் தகடு எங்கிருந்து புறப்பட்டு நெய்வேலிக்கு வந்து சேர்ந்தது என்று பார்க்கலாம்.

ஹாலந்து தேசத்து பிலிப்ஸ் கம்பெனியும் ஜப்பானிய சோனி கம்பெனியும் சேர்ந்து 1980-ல் இசைத் தகட்டுக்குப் பொதுவான விதிகளை வகுத்தன. 1982 அக்டோபரில் அதைப் பாட வைக்கும் கருவி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள தகடு. அதில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் ஒரே சுருள் கோடாக ஓடுகின்றன. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் 1.6 மைக்ரான்தான் இடைவெளி. ஒரு மில்லிமீட்டருக்குள் அறுநூறு சுற்றுகளுக்கு மேல் அடங்கிவிடும். அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாது. அதன் மேல் லேசர் ஒளி விழுந்து திரும்புகிறது. பள்ளம் வந்த இடத்தில் திரும்பும் ஒளி மங்குகிறது. மேடான இடத்தில் பிரகாசிக்கிறது. அந்த மாறுதலைக் கணக்கிட்டுக் கருவி அதைச் சங்கீதமாக்குகிறது. நெய்வேலியில் பள்ளம் தோண்டினால் பழுப்பு நிலக்கரி கிடைக்கிறது. தகட்டில் பள்ளம் தோண்டினால் பாட்டு கிடைக்கிறது!

பழைய கிராமபோன் தட்டை வைத்திருந்த குடும்பங்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஊசியை ஓரத்தில் வைத்தால் அது மெள்ள மெள்ள நடுவை நோக்கிப் போகும். சி.டி. இதற்கு நேர் விரோதம். நடுவில் தொடங்கி ஓரத்தில் முடிகிறது. இது அற்ப விஷயம் போலத் தோன்றலாம். ஆனால் இந்தக் கதையின் முடிவில் இதற்கு வேலை இருக்கிறது.

பாட்டுக்காகப் பிறந்த தகட்டில் எழுத்தையும் கணக்கையும் வைக்கலாம் என்று 1983-லேயே விதி செய்துவிட்டார்கள். ஒரு தகட்டில் 650 மெகாபைட் கொள்ளும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களுக்குப் பின்னால் தினசரிச் சாப்பாடாக அமைந்த பிளாப்பித் தகட்டில் 1.44 மெகாபைட்தான். அதாவது நானூற்றைம்பது பிளாப்பிகளை அடுக்கி வைத்தால் ஒரு சி.டி. குபேரனுடைய பொக்கிஷம் கிடைத்தாயிற்று. ஆனால் பொக்கிஷத்தை அடுக்கும் முறையில் ஆளுக்கொரு வழக்கம் இருந்தது. ஒரு கம்பெனி எழுதிய தகடு இன்னொரு கம்பெனியின் கருவிக்குப் புரியாது. 1985 நவம்பரில் பல கம்பெனிக்காரர்கள் அமெரிக்காவில் டாஹோ ஏரிக் கரையில் ஓர் ஓட்டலில் கூடினார்கள். சூதாட்ட மண்டபமும் உள்ள ஓட்டல். பெயர் 'ஹை சியரா'. அங்கே பேசி முடித்த ஒப்பந்தத்துக்கும் 'ஹை சியரா' என்றே பெயர் நிலைத்தது. அதைச் சற்றே திருத்தி 1988-ல் உலகத் தரமாக்கினார்கள்.

இவ்வளவு நடந்த பிறகும் ஒரு சங்கடம் பாக்கி இருந்தது. சி.டி. டிரைவைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் டிரைவ் விற்ற கம்பெனிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான இணைப்பை வைத்திருந்தன. பல வீடுகளில் டிரைவின் கம்பி, ஒலி எழுப்பும் அட்டையில் போய்ச் செருகப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மொழிபெயர்ப்பாளன் வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளனுக்குத்தான் 'டிரைவர்' என்று பெயர். வண்டி ஓட்டுகிற டிரைவர் அல்ல. இரண்டு பாஷைக்காரர்களுக்கு நடுவில் நின்று பேசுகிற துபாஷி. இந்தக் கருவியிடம் எப்படிக் கேட்டால் பதில் வரும் என்று ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குச் சொல்லிக் கொடுக்கும் சிறு புரோகிராம் அது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் முழுவதும் சி.டி.யில் இருக்கிறது. சி.டி.யைப் படிக்க டிரைவர் வேண்டும். அந்த டிரைவரும் பெரும்பாலும் அந்தத் தகட்டிலேயே இருக்கிறது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை! ஆகவே, ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தகட்டில் வாங்கியவர்கள் கூடவே ஒரு பிளாப்பியையும் வைத்துக் கொள்ள வேண்டியிருந்தது. பிளாப்பி கதவைத் திறக்கும். திறந்த கதவு வழியாகத் தகடு உள்ளே போகும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்த பெருமை ஐ.பி.எம். கம்பெனியையும் பீனிக்ஸ் கம்பெனியையும் சேர்ந்தது. 1995 ஜனவரியில் அவர்கள் ஒரு தந்திரத்தை வெளியிட்டார்கள். சி.டி.யின் வயிற்றுக்குள் ஒரு பிளாப்பியின் முழு உருவத்தையும் எழுதி வைத்துவிடுவது. கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது அந்த உருவத்தைக் காட்டி, "நான்தான் பிளாப்பி" என்று தகடு வேஷம் போடும். கம்ப்யூட்டரும் நம்பிவிடும். வேஷமில்லாமல் நேராகத் தொடங்கவும் அதே விதியில் இடம் வைத்தார்கள். இதற்கு 'எல் டோரிட்டோ' என்று பெயர். பயந்து விட வேண்டாம். இதை உருவாக்கியவர்கள் கலிபோர்னியாவில் அந்தப் பெயருள்ள ஒரு மெக்ஸிகோ பாணி ஓட்டலில் சாப்பிட்டுக் கொண்டே யோசனை செய்தார்களாம். ஓட்டலில் உட்கார்ந்து பேசுகிறவர்களை வெட்டிப் பேச்சு என்று நாம் வைகிறோம். உலகத்துச் சி.டி. டிரைவ்களின் தலைவிதி இரண்டு முறை ஓட்டலில் தீர்மானமாகியிருக்கிறது!

சரி, மாமாவிடம் திரும்புவோம்.

இரண்டு நாள் நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. முதலில் மின்சாரக் கம்பியைக் கழற்றி மாட்டினோம். அப்புறம் பட்டையாக இருக்கும் பழைய மாதிரிக் கேபிளை மாற்றினோம். பக்கத்து வீட்டில் இரவல் கிடைத்தது. டிரைவின் பின்புறத்தில், அது தலைவனா தொண்டனா என்று தீர்மானிக்கும் குட்டிச் செருகி ஒன்று உண்டு. அதை இப்படியும் அப்படியும் மாற்றிப் பார்த்தோம். லினக்ஸ் தகட்டிலேயே கோளாறோ என்று அதை இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். அங்கே சமத்தாக வேலை செய்தது. கடைக்காரருக்குப் போன் செய்தோம். "நான் அன்றைக்கே சொன்னேனே, சார்! பழையதைத் தூக்கிப் போடுங்கள்" என்றார்.

மூன்றாவது நாள் காலையில், காப்பியைக் குடித்துவிட்டு மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டார். அவருடைய முகத்தில் கட்டுப்பாட்டு அறைக் களை வந்திருந்தது.

"இதோ பாருப்பா. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. நான் கேட்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஆரம்பத்தில் தகட்டைப் படிக்கிறதே, அப்போது யார் டியூட்டி?"

பையன் விழித்தான்.

"நிலையத்தில் ஏதாவது கோளாறு என்றால் நாங்கள் முதலில் அதைத்தான் கேட்போம். எந்த ஷிப்டில் நன்றாக இருந்தது? எந்த ஷிப்டில் கெட்டது? நடுவில் யார் யாரிடம் ஒப்படைத்தார்கள்? லாக் புக்கில் என்ன எழுதியிருக்கிறது? ஒரு வால்வை மூடி வைத்தவன் அதை எழுதாமல் வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்து வருகிறவனுக்கு அது கோளாறாகத்தான் தெரியும். வால்வு கெட்டுப் போகவில்லை. சேதி கெட்டுப் போயிருக்கிறது."

பையன் மெள்ள எழுந்து உட்கார்ந்தான். "தாத்தா, இங்கேயும் ஷிப்ட் மாறுகிறது" என்றான்.

அவன் சொன்னதை நான் புரிந்து கொண்ட அளவில் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தியதும் முதல் ஷிப்டுக்கு வருகிறவர் 'பயாஸ்' என்பவர். 1981-ல் ஐ.பி.எம். தனி மனிதர் கம்ப்யூட்டரை வெளியிட்டபோதே வேலைக்குச் சேர்ந்தவர். தாய்ப் பலகையிலேயே குடியிருக்கிறார். எந்தெந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று சுற்றிப் பார்த்துவிட்டு, தகட்டிலிருந்து முதல் சில பக்கங்களைப் படித்து நினைவகத்தில் வைக்கிறார். பழைய நாளில் இருந்த டாஸ் என்னும் ஆபரேட்டிங் சிஸ்டம், எது வேண்டுமென்றாலும் பெரும்பாலும் பயாஸையே கேட்டு வாங்கிக் கொள்ளும். மாமனார் வீட்டோடு தங்கிவிட்ட மாப்பிள்ளை போல. பின்னால் வந்தவர்கள் ரோஷக்காரர்கள். விண்டோஸின் பிற்காலத்து வகைகளும், 1991-ல் பிறந்த லினக்ஸும் நினைவகத்தில் வந்து உட்கார்ந்ததும், "இனிமேல் நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்" என்று பயாஸை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. ஒவ்வொரு உறுப்பையும் தங்கள் சொந்தத் துபாஷிகளைக் கொண்டு மறுபடியும் முதலிலிருந்து தேடுகின்றன.

மொழியைக் கேட்டதும் விசைப்பலகையைக் கேட்டதும் முதல் ஷிப்ட் எடுத்து வைத்துவிட்டுப் போன பக்கங்களைக் கொண்டுதான். மிச்சப் பக்கங்களை எடுக்கப் போனபோதுதான் இரண்டாவது ஷிப்டுக்கு டிரைவ் இருக்கும் இடம் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? அதற்கும் ஒரு சரித்திரக் காரணம் இருந்தது. பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய இணைப்புக்கு ஐ.டி.இ. என்று பெயர். 2003 வாக்கில் சாட்டா என்னும் ஒல்லியான புதிய இணைப்பு கம்ப்யூட்டர்களில் புழக்கத்துக்கு வந்தது. 2006-ல் இன்டெல் கம்பெனி தன் புதிய சில்லுக் குடும்பத்தில் பழைய இணைப்பையே விட்டுவிட்டது. ஆனால் ஊரெல்லாம் பழைய சி.டி. டிரைவ்கள் இருந்தன, மாமாவைப் போன்ற சிக்கனக்காரர்களும் இருந்தார்கள். ஆகவே தாய்ப் பலகை செய்கிறவர்கள், வேறொருவர் செய்த சிறு துணைச் சில்லு ஒன்றை ஓரத்தில் ஒட்டி, அதன் வழியாக ஒரே ஒரு பட்டைக் கேபிள் வாயிலை வைத்துக் கொடுத்தார்கள். வாடகைக்கு விட்ட ஒண்டுக் குடித்தனம் போல. வீட்டுக்காரரான பயாஸுக்குக் குடித்தனக்காரரைத் தெரியும். புதிதாக ஷிப்டுக்கு வந்தவருக்குத் தெரியாது. அவர் கொண்டு வந்த ஆள் பட்டியல் அந்தச் சில்லு சந்தைக்கு வருமுன் எழுதப்பட்டது.

காளிதாசனுடைய சகுந்தலையை நினைத்தேன். 1940-ல் எம். எஸ். சுப்புலட்சுமி நடித்து வெளிவந்த படத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்று அபூர்வம். கதையை அறியாதவர்கள் இல்லை. அதே துஷ்யந்தன், அதே சகுந்தலை. நேற்று மாலை சூட்டியவன் இன்று, "நீ யார்?" என்கிறான். அவளிடம் குற்றம் இல்லை, அவனிடமும் இல்லை. நடுவில் மோதிரம் தொலைந்திருக்கிறது. மோதிரம் கிடைக்கிற வரையில் அவளைக் காட்டுக்கு விரட்டுகிறார்கள். கடைக்காரர் எங்கள் டிரைவை விரட்டச் சொன்ன மாதிரி.

"இப்படித்தான் எங்கள் சுரங்கமும்" என்றார் மாமா.

அவர் சொன்னது நெய்வேலிக்காரர்களுக்குப் பழைய கதை. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1930-களில் நடந்த விஷயம். அது பழுப்பு நிலக்கரி என்று தெரிந்தது. தெரிந்தும் இருபது வருஷத்துக்கு மேல் அதை எடுக்க முடியவில்லை. 1956 நவம்பரில் கார்ப்பொரேஷன் ஏற்பட்டது. 1957 மே 20-ந் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் சோவியத் யூனியனின் உதவியோடு கட்டிய நிலையத்தில் மின்சாரம் பிறந்தது.

தாமதத்துக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, நிலக்கரிக்கு மேலே இருந்த மண் அல்ல. மண்ணை வெட்ட ஜெர்மனியிலிருந்து ராட்சஸச் சக்கர யந்திரங்கள் வந்தன. ஆபத்து, நிலக்கரிக்குக் கீழே இருந்தது. அங்கே பூமிக்குள் அழுத்தத்தோடு அடைபட்ட தண்ணீர். மேலே உள்ள பாரத்தை எடுத்தால், அடியிலிருந்து தரையைப் பிளந்து கொண்டு பொங்கும். ஆகவே சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இரவும் பகலும் தண்ணீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்துக் கொண்டேதான் நிலக்கரியை எடுக்க வேண்டும். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கம் இல்லை.

"மேலே தெரிகிறதை வைத்துக் கொண்டு சண்டை போடக் கூடாது, தம்பி. ஒரு படி கீழே இறங்கிப் பார்க்கணும்" என்றார் மாமா.

இந்த ஒரு வாக்கியத்தில் அந்த வைத்தியம் முழுவதும் அடங்கிவிடுகிறது. டிரைவைக் காணோம் என்று திரை சொன்னால், திரையை நம்பிவிடக் கூடாது. முதலில் மின்சாரம் போகிறதா, கேபிள் சரியா என்று பார்க்க வேண்டும். பிறகு பயாஸின் பட்டியலில் டிரைவின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கேயே இல்லையென்றால் கோளாறு கம்பியிலோ டிரைவிலோ இருக்கிறது. அங்கே இருந்து, தகடும் தொடங்கி, நடு வழியில் மறைந்து போனால், டிரைவ் நிரபராதி; துபாஷிதான் வரவில்லை. இன்னொன்றும் உண்டு. சில சமயம் தகட்டில் சரியாக எழுதப்படாத ஒரு பக்கத்தைப் படிக்க முடியாமல் போனாலும், கம்ப்யூட்டர் அதே பழியை டிரைவர் மேல் போடும். ஆகவே தகட்டையும் வேறோர் இடத்தில் சோதித்துவிட வேண்டும். நாங்கள் இவை எல்லாவற்றையும் செய்திருந்தோம். ஆனால் வரிசையாக யோசிக்கவில்லை. அதனால் கையில் இருந்த விடை கண்ணில் படவில்லை.

பையன் கல்லூரி நண்பன் ஒருவனுக்குப் போன் செய்தான். பத்து நிமிஷத்தில் மோதிரம் கிடைத்தது. லினக்ஸ் தொடங்கும் முதல் வரியில் ஒரு சொல்லைச் சேர்த்துத் தட்டச் சொன்னான் அந்த நண்பன். "உன் பட்டியலில் பெயர் இல்லாத சில்லாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லாருக்கும் பொதுவான பழைய பாஷையில் பேசிப் பார்" என்பது அதன் பொருள். தட்டினான். திரை மொழியைக் கேட்டது, நாட்டைக் கேட்டது, விசைப்பலகையைக் கேட்டது. நாங்கள் மூச்சைப் பிடித்துக் கொண்டிருந்தோம். அது மேலே போயிற்று. மெதுவாகத்தான் போயிற்று, பொதுப் பாஷையில் அவ்வளவுதான் வேகம். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வேலை முடிந்தது.

அத்தையின் தகட்டை மாமாவே எடுத்து வைத்தார். டிரைவ் இரண்டு தரம் முனகிற்று. பிறகு ஓர் இருமல் கேட்டது. "ஆரம்பிக்கலாமா?" என்று அத்தை யாரையோ கேட்டார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டார்.

பாட்டுக்களை ஒவ்வொன்றாக உள்ளே பிரதி எடுத்தான் பையன். பதினொரு பாட்டுக்கள் வந்தன. பன்னிரண்டாவது பாட்டு பாதியில் அறுந்துவிட்டது. எத்தனை முறை முயன்றும் அதற்கு மேல் வரவில்லை. வீட்டில் எழுதிக் கொள்ளும் தகடுகளில் உண்மையான பள்ளங்கள் கிடையாது. ஒரு சாயப் பூச்சில் லேசர் சுட்ட புள்ளிகள்தான் உண்டு. வெயிலிலும் உஷ்ணத்திலும் அந்தச் சாயம் கெடும். விளிம்பைப் பிடித்து எடுத்து வைப்பதால் ஓரம் முதலில் அடிபடுவதும் உண்டு. தகடு நடுவில் தொடங்கி ஓரத்தில் முடிகிறது என்று முன்னால் சொன்னேன் அல்லவா? கடைசிப் பாட்டு ஓரத்தில் இருந்தது.

இன்னும் ஒரு வருஷம் சும்மா இருந்திருந்தால் பதினொன்றும் போயிருக்கலாம். கடைக்காரர் பேச்சைக் கேட்டிருந்தால் அன்றே போயிருக்கும். அவர் கெட்டவர் அல்ல. விலையைப் பார்த்தார், விலையில் அது குப்பைதான்.

அப்புறம் காலம் வேகமாக ஓடிற்று. அதே 2007 வாக்கில் மோஸர் பேயர் என்ற இந்தியக் கம்பெனி இருபத்தெட்டு ரூபாய்க்கும் முப்பத்து நாலு ரூபாய்க்கும் சினிமாத் தகடுகளைக் கடை கடையாகத் தொங்கவிட்டது. பதினோரு வருஷம் கழித்து, 2018-ல் அது கலைப்புக்குப் போயிற்று. தகடு வைக்கும் வாயே இல்லாமல் மடிக்கணினிகள் வந்துவிட்டன. ஆபரேட்டிங் சிஸ்டம் விரலளவு பென் டிரைவில் வருகிறது. ஆனால் பழைய வியாதி போகவில்லை. 2009-ல் வெளிவந்த விண்டோஸ் 7-ஐ, 2015-ல் வந்த புதிய கம்ப்யூட்டர்களில் பென் டிரைவிலிருந்து ஏற்றப் பார்த்தவர்களுக்கு, "சி.டி. டிரைவின் டிரைவரைக் காணோம்" என்ற பாட்டே கேட்டது. அங்கே சி.டி.யும் இல்லை, டிரைவும் இல்லை! புதிய யு.எஸ்.பி. வழியை அறிந்த துபாஷி அந்தப் பழைய விண்டோஸிடம் இல்லை, அவ்வளவுதான். சேதி சொல்லாமல் ஷிப்ட் மாறுகிற வரையில் இந்தக் கோளாறும் இருந்துகொண்டுதான் இருக்கும்.

மாமா வேலை பார்த்த மின் நிலையமும் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. அவர் இப்போது வடலூரில் இருக்கிறார். போன தை மாதம் போயிருந்தேன். அலமாரியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டினார். கட்டுப்பாட்டு அறையில் எழுதுகிற லாக் புக் மாதிரியே கட்டம் போட்டிருந்தது. முதல் வரி, 2007: தகட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு, பதினொன்றரைப் பாட்டு. அடுத்தது, 2013: கம்ப்யூட்டரிலிருந்து பென் டிரைவுக்கு, கேட்டுச் சரி பார்த்தேன். அதற்கடுத்து, 2019: பென் டிரைவிலிருந்து புதிய பெட்டிக்கு, ஒரு பிரதி தம்பிக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரில், எந்த மாதிரியான கோப்பு, எதில் போட்டால் திறக்கும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

கடைசி வரி மாமாவின் கையெழுத்தில் இல்லை. பையனுடைய கையெழுத்தில் இருந்தது.

"கண் சரியாகத் தெரியவில்லை. அதான், ஒப்படைத்துவிட்டேன்" என்றார் மாமா.